‘இன்று வேண்டாம்’ என்பவரே வழிகாட்டி

பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞர் உள்ளம் துள்ளுகிறது. மலை, கடல், காடு என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும். மறுநாளே மூட்டையைக் கட்டிவிடுகிறோம். ஆனால், ‘உடன் ஒரு வழிகாட்டியை அழைத்துக்கொள்ளலாமே’ என்று யாரேனும் சொன்னால் முகம் சுளிக்கிறோம். வழிகாட்டியோடு போவது வயதானவர்களுக்கு உரியது, துணிவுள்ளவன் தனியே போவான் என்ற எண்ணம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, ‘இதோ பாருங்கள், இது கோட்டை, அதோ பாருங்கள், அது அகழி’ என்று ஒப்பிப்பவரே வழிகாட்டி என்று பலரும் கருதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். கரடுமுரடான ஒரு கடற்கரையில் நடக்கவும் படகு வலிக்கவும் போகிறவர்களுக்கு, வழியைக் காட்டுவது மட்டும் வழிகாட்டியின் வேலை அன்று. வழி இருந்தும், நேரம் இருந்தும், பணம் கட்டியிருந்தும், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதே அவருடைய முதல் வேலை. அப்படிச் சொல்லும் அறிவும் அதிகாரமும் அவருக்கு இருக்கின்றனவா என்று கேட்காமல் நாம் எந்தப் பயணத்திலும் சேரக்கூடாது. புவியியல் படிக்கும் மாணவன் என்ற முறையில், நான் படித்தறிந்த ஒரு கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் டெவன், டார்செட் என்ற இரு மாவட்டங்களை ஒட்டி, எக்ஸ்மத் என்னும் ஊரிலிருந்து ஸ்டட்லாண்ட் வளைகுடா வரை, ஏறத்தாழ 95 மைல் நீளத்திற்கு ஒரு கடற்கரை இருக்கிறது. ‘ஜுராசிக் கடற்கரை’ என்பது அதன் பெயர். டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்று நாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் மூன்று காலங்களின் பாறைகளும் அங்கே அடுத்தடுத்துக் காட்சி தருகின்றன. 18 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளின் வரலாறு அந்தக் குன்றுகளின் முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம். 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் பிறந்த மேரி ஆனிங் என்ற ஏழைத் தச்சரின் மகள், 1811, 1812-ஆம் ஆண்டுகளில் தன் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசார் என்ற பண்டைய கடல் விலங்கின் எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தது இங்கேதான். அப்போது அச்சிறுமிக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று!

இக்கரையைக் காண வருவோர் பலர், ஒரு வாரம் தங்கி, ஒருநாள் நடந்தும் ஒருநாள் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சென்றும் பார்க்கின்றனர். ஆறு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு. உடன் ஒரு வழிகாட்டி அல்லது இருவர். இந்த இரட்டை முறையில் பொருள் இருக்கிறது. குன்றின் மேல் நடப்பவனுக்குக் கடல் தெரியும். குன்றின் முகம் தெரியாது. படகில் இருப்பவனுக்கோ பாறை அடுக்குகள் திறந்த புத்தகம்போல் தெரியும். டர்டில் டோர் என்ற இயற்கை வளைவை மேலிருந்து பார்ப்பது வேறு, நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பது வேறு அன்றோ?

நடைபாதைக்கும் ஒரு கதை உண்டு. தென்மேற்குக் கடற்கரைப் பாதை எனப்படும் 630 மைல் நீளப் பாதையின் ஒரு பகுதிதான் இங்கே செல்கிறது. கள்ளக்கடத்தல்காரரைப் பிடிப்பதற்காகக் கடலோரக் காவலர்கள் ஒவ்வொரு குடாவாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்த தடம் அது. ஆகவே அது வசதியான இடத்தைத் தேடிச் செல்லாமல், குன்றின் விளிம்பிலேயே ஏறியும் இறங்கியும் செல்கிறது. இங்கிலாந்தின் தென்கரையிலேயே மிக உயரமான கோல்டன் கேப் குன்று 191 மீட்டர்தான். நம் மலைகளை நோக்க அது ஒரு மேடு. ஆயினும் அத்தகைய மேடுகளை ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்கினால் முழங்கால் பதில் சொல்லும்.

இவ்வளவு அழகும் எதனால் வந்தது? கரை இடிந்துகொண்டே இருப்பதால் வந்தது. இதை நாம் மறந்துவிடக்கூடாது. குன்று சரிந்தால்தான் புதைபடிவம் வெளிப்படும். மேரி ஆனிங்கோடு எப்போதும் கூட வந்த ‘ட்ரே’ என்னும் நாய், 1833-இல் அவர் கண்ணெதிரே நிலச்சரிவில் மாண்டது. அவர் மயிரிழையில் தப்பினார். 2012 ஜூலையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக் என்னும் இடத்தில், கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் பாறைச் சரிவில் உயிரிழந்தார். லைம் ரீஜிஸிலிருந்து சார்மத் ஊருக்குக் கடலோரமாகவே நடந்து போகலாம். ஆனால் நீர் ஏறும் நேரத்தில் அந்த மணல்வழி மறைந்துவிடும். பின்னால் கடல், முன்னால் செங்குத்தான சேற்றுக் குன்று. நேரம் அறியாது இறங்கியவன் நடுவில் மாட்டிக்கொள்வான்.

வழிகாட்டி இல்லாமலே இவற்றை அறிந்துகொள்ளலாமே, அச்சிட்ட நீர்ஏற்ற அட்டவணை இருக்கிறதே என்று கேட்கலாம். அட்டவணை நேரத்தைச் சொல்லும். நேற்றிரவு பெய்த மழையில் எந்தக் குன்று ஊறிக் கிடக்கிறது என்று சொல்லாது. சார்மத்துக்குக் கிழக்கே செசில் என்னும் 18 மைல் நீளக் கூழாங்கல் கரை உண்டு. மேற்கு முனையில் பட்டாணி அளவில் இருக்கும் கற்கள் கிழக்கே போகப் போகப் பருத்து உருளைக்கிழங்கு அளவாகின்றன. இருட்டில் படகு கரையேறினாலும், ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடம் என்று கடத்தல்காரர் அறிந்துகொள்வார்களாம்! இத்தகைய அறிவு ஆண்டுக்கணக்கில் அங்கேயே உழன்றவருக்கு வருவது. அட்டவணை பார்த்து வருவதன்று.

இனி நான் சொல்லப்போவது துயரமான செய்தி. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

1993-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள். பிளிமத் நகரப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த எட்டு மாணவ மாணவியர், அவர்களுடைய ஆசிரியர் ஒருவர், பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் இருவர் ஆகப் பதினொருவர் லைம் ரீஜிஸிலிருந்து கயாக்குகளில் புறப்பட்டனர். போக வேண்டிய இடம் சார்மத். தொலைவு ஏறத்தாழ இரண்டு மைல். நண்பகல் உணவுக்குத் திரும்பிவிட வேண்டியது. புறப்பட்டுச் சிறிது நேரத்திற்குள் ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோடு நின்றுவிட்டார். மற்றொருவர் எட்டு மாணவரின் படகுகளையும் ஒன்றோடொன்று பிடித்து மிதவைபோல் சேர்த்து வைத்திருந்தார். காற்றோ தரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதிரே கரை சிறுத்துக்கொண்டே போயிற்று. அலைகள் பெரிதாகிப் படகுகளில் நீர் நிறைந்து, ஒன்றன்பின் ஒன்றாக அவை மூழ்கின. மார்ச் மாதத்தில் அக்கடலின் வெப்பம் பத்து டிகிரிக்கும் குறைவு. அந்தக் குளிர்நீரில் பிள்ளைகள் மணிக்கணக்கில் மிதந்தனர். நண்பகலுக்குத் திரும்ப வேண்டியவர்களைப் பற்றிக் கடலோரக் காவல் படைக்குச் செய்தி சொல்லப்பட்டது பிற்பகல் மூன்று மணிக்கு மேல்! ஹெலிகாப்டர்கள் தூக்கி வந்தபோது நால்வரைக் காப்பாற்ற இயலவில்லை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் நால்வர்!

எண்ணிப் பாருங்கள். அது சிறு குழு அல்லவா? ஒன்பது பேருக்கு இரண்டு பயிற்சியாளர் என்பது கணக்கில் நல்ல விகிதம் அல்லவா? ஆனால் ஒருவர் கவிழ்ந்ததுமே விகிதம் மாறிவிட்டது. ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர், எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்றாயிற்று. கடலில் கணக்கிட வேண்டியது புறப்படும்போது உள்ள எண்ணிக்கையை மட்டும் அன்று. முதல் படகு கவிழ்ந்த பிறகு எஞ்சும் எண்ணிக்கையையும்தான்.

அன்று இல்லாதவை எவை என்று பார்த்தால் நெஞ்சு பதறும். உதவி கேட்க வானொலிக் கருவி இல்லை. அபாயம் காட்டும் ஒளிவாணம் இல்லை. படகின் வாயை மூடி நீர் புகாமல் தடுக்கும் ‘ஸ்பிரே டெக்’ என்னும் மூடுதுணி இல்லை. பயிற்சியாளர்களிடம் இருந்தது துடுப்புப் பயிற்சியின் தொடக்கநிலைச் சான்று மட்டுமே. கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் யார்? வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட், அல்யூட் முதலிய மக்கள். மரச்சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்திப் படகு செய்தார்கள். தோலால் தைத்த மேலங்கியைப் படகின் வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். தண்ணீர் படகுக்குள் புகுந்தால் அந்தக் குளிரில் உயிர் தங்காது என்பது பள்ளிக்கூடமே காணாத அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய படகை வாங்கிக்கொண்டு அவர்களுடைய அறிவை விட்டுவிட்டோம் என்பதுதான் வேதனை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தில் முந்திய ஆண்டு பணியாற்றிய பயிற்சியாளர் இருவர், பாதுகாப்பு போதாது என்று கூறி வேலையை விட்டே விலகினர். நிர்வாகத்துக்கு எழுத்திலும் எச்சரித்தனர். ‘வேண்டாம்’ என்று சொன்ன குரல் இல்லாமல் போகவில்லை, அது கேட்கப்படவில்லை. 1994 டிசம்பரில் நீதிமன்றம் அந்த நிறுவனத்தையே கொலையாகாத மரணக் குற்றத்திற்காகத் தண்டித்தது. இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இக்குற்றத்திற்குத் தண்டனை பெற்றது அதுவே முதன்முறை. அறுபதாயிரம் பவுன் அபராதம். நிர்வாக இயக்குநருக்கு மூன்றாண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது இரண்டாண்டாயிற்று. பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஓயவில்லை. பிளிமத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, 1995-இல் சட்டம் ஒன்று நிறைவேறியது. மறு ஆண்டில் உரிமம் வழங்கும் அமைப்பும் ஏற்பட்டது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. அந்தச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை அழைத்துச் செல்வோருக்கு மட்டுமே உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. விடுமுறைக்கு வரும் பெரியவர்களை அழைத்துச் செல்வோர்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரியவர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்பது சட்டத்தின் எண்ணம் போலும். ஆனால் குளிர்நீர் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லையே!

2021 அக்டோபர் 30-ஆம் நாள், கரடுமுரடான கடற்கரைக்குப் பெயர்பெற்ற வேல்ஸ் நாட்டுப் பெம்புரோக்ஷயர் மாவட்டத்தில், ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்னும் ஊரின் ஆற்றில் ஒரு குழு இறங்கியது. நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைப் பயணம் அது. கட்டணம் கட்டி வந்தவர்கள் பெரியவர்கள். பெருமழையால் ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு தடுப்பணை இருப்பது அவர்களுக்கு உரியபடி சொல்லப்படவில்லை. அணையைத் தாண்டி விழுந்த வெள்ளத்தில் நால்வர் மாண்டனர். மற்றவர்களைக் காக்க முயன்ற இணை வழிகாட்டியும் அவர்களுள் ஒருவர். பயணத்தை நடத்திய நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025 ஏப்ரலில் பத்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்று காலை ஆற்றங்கரையில் நின்று ‘இன்று வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நாள் விடுமுறைதான் வீணாகியிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி எழுகிறது. இவ்விரண்டு வழக்குகளிலும் அறியாமையும் அலட்சியமும் இருந்தன. அதற்கு நீதிமன்றம் தண்டனை வழங்கிவிட்டது. ஆனால் பொதுவாகவே ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் நாம் உணர வேண்டும். பயணம் நின்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ‘இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? வானம் தெளிவாகத்தானே இருக்கிறது?’ என்பார்கள். தரையிலிருந்து காற்று வீசும் நாளில் குன்றின் அடியில் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். அரை மைல் போனால்தான் அலை தெரியும். கரையில் நிற்பவன் கண்ணுக்கு வழிகாட்டி கோழையாகத் தோன்றுவான். அந்தப் பழியை ஏற்றுக்கொண்டு நிற்பவரே உண்மையான வழிகாட்டி. அவருக்கு நாம் கொடுக்கும் கட்டணத்தில் பாதி, போகாத நாட்களுக்கான கட்டணம் என்று கருதுவது முறை.

இங்கேதான் சிறு குழுவின் பெருமையும் புலப்படுகிறது. நாற்பது பேர் பேருந்தில் வந்து இறங்கினால் வழிகாட்டி எவர் முகத்தையும் அறியமாட்டார். எட்டுப் பேர் என்றால், யாருக்கு நேற்று முழங்கால் வலித்தது, யார் நீந்தத் தெரியும் என்று பெருமைக்குச் சொன்னவர், யார் பயத்தை மறைத்துச் சிரிக்கிறார் என்பதெல்லாம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். குழுவில் ஒருவர் தயங்கினாலும் அனைவரும் நிற்பது அங்கேதான் நடக்கும். குரல் எட்டும் தூரத்தில் எல்லாரும் இருப்பார்கள்.

‘வழிகாட்டி வந்தால் சுதந்திரம் போயிற்று, சட்டம் வந்தால் சாகசம் செத்தது’ என்று வாதிடுவோர் உண்டு. 2010-இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கையே அந்த உரிம முறையை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் முறை எடுக்கப்படவில்லை. தாள்களை நிரப்புவதால் மட்டும் கடல் அடங்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுதந்திரம் என்பது என்ன? ஆபத்தை அறிந்து அதைத் தேர்ந்தெடுப்பது சுதந்திரம். அறியாமல் அதில் போய் விழுவதற்கு வேறு பெயர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னது சாகசத்துக்கு எதிரான சொல் அன்று. ஆழத்தைத் தெரிந்துகொள் என்ற சொல்.

‘வழிகாட்டியைப் பணக்காரர்தானே அமர்த்திக்கொள்ள முடியும்? ஏழை மாணவன் என்ன செய்வான்?’ என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை வழிகாட்டியை விட்டுவிடுவது அன்று; நல்ல வழிகாட்டி எளியவனுக்கும் கிடைக்கச் செய்வது. அது அரசும் கல்வி நிலையங்களும் செய்யத்தக்க பணி.

அந்தப் பாடத்தை நாமும் கண்ணீர் விட்டுத்தான் கற்றோம். 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்ற குழுவினர் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர்; பெண்கள் பலர். கோடையின் தொடக்கத்தில் காய்ந்து கிடந்த புல்வெளியில் அன்று ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளைத் திறந்து, அந்தந்த மலையில் வாழும் பழங்குடி இளைஞரையே பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. காட்டின் மணத்தை வைத்தே மழையையும் யானையையும் அறியும் மக்கள் அவர்கள். இதனை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அந்த இளைஞன் ‘இன்று போகவேண்டாம்’ என்று சொன்னால், பணம் கட்டி வந்த நாம் கேட்போமா? ‘நீ என்ன சொல்வது’ என்று முறைப்போமா? விதியைவிடவும் இந்தக் கேள்வியே முக்கியமானது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை வேலைக்குப் போவோம், ஊர் சுற்றுவோம், சிலர் கடல் கடந்தும் போவோம். எந்தக் கரையில் எந்தப் படகில் ஏறும் முன்பும் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுவோம். அழைத்துச் செல்பவர் இந்த இடத்தில், இந்தப் பருவத்தில் எத்தனை முறை போய் வந்தவர்? ஒருவருக்கு இடர் நேர்ந்தால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வது யார்? நாம் திரும்ப வேண்டிய நேரம் கரையில் யாருக்குத் தெரியும், நேரம் தப்பினால் அவர் யாரை அழைப்பார்? எந்த நிலை வந்தால் பயணம் நிறுத்தப்படும்? முதல் மூன்று கேள்விகளுக்கு யாரும் ஏதேனும் ஒரு விடை சொல்லிவிடலாம். நான்காவதற்குத் தெளிவான விடை வராவிட்டால், அங்கே கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

விடை வந்து, அவர் ஒருநாள் நம்மைக் கரையிலேயே நிறுத்திவிட்டால், முகம் சுளிக்காமல் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்போம். கடல் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். அதைப் பார்க்க நாமும் இருக்க வேண்டும்.